பினாங்கிலிருந்து சென்னை: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

கெடா தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் தமிழர்களுக்கு மிக அருகில் உள்ள அனைத்துலக விமான நிலையம் பினாங்கு, பாயான் லெப்பாஸ். அங்கிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டு வான்தூரம் ஏறக்குறைய 2,370 கிலோமீட்டர். 2024 டிசம்பர் 21 அன்று இண்டிகோ நிறுவனம் இந்தத் தடத்தில் நேரடிச் சேவையைத் தொடங்கியது. பயண நேரம் மூன்றரை மணி முதல் நான்கு மணி வரை.

2,370-ஐ விமானத்தின் வேகமான 800-ஆல் வகுத்தால் மூன்று மணி நேரம்தானே வருகிறது என்று கேட்கலாம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தே நேரம் கூடுகிறது.

டிக்கெட்டைப் பார்த்துக் குழம்புவோரும் உண்டு. அதில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள். மலேசியா இந்தியாவை விட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. காலை 10 மணிக்குப் பினாங்கில் ஏறி மூன்றரை மணி நேரம் பறந்தால், சென்னையில் கடிகாரம் காலை 11 மணிதான் காட்டும். திரும்பும்போது சென்னையில் காலை 10 மணிக்கு ஏறினால் பினாங்கில் மாலை 4 மணி. போக ஒரு மணி நேரம், வர ஆறு மணி நேரம் என்று தோன்றும். பறந்தது இரண்டு முறையும் ஒரே அளவுதான். 1981 வரை இந்த வித்தியாசம் இரண்டு மணி நேரமாக இருந்தது. 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது.

ஊரில் ஒரு சாவு என்று செய்தி வந்தால், வான்தூரத்தை விட வீட்டுக்கு வீடு ஆகும் நேரமே முக்கியம். சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் பக்கத்தவர்கள் பாலத்தைக் கடந்து ஒரு மணி நேரம், சற்றுக் கூடுதலாக ஓட்டினால் பாயான் லெப்பாஸ் வந்துவிடலாம். பத்து காவானிலிருந்து செல்லும் இரண்டாவது பாலம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பத்து மாவுங்கில் இறங்குகிறது. வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் சொந்த ஊர் என்றால் இந்த வழிதான் சரி.

திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கணக்கு வேறு. சென்னையில் இறங்கியபின் திருச்சிக்குச் சாலையில் 330 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு. சுமார் 2,690 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். சுங்கை பட்டாணியிலிருந்து ஐந்து மணி நேரம் கார் ஓட்டி, மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்க் காத்திருந்தாலும், பினாங்கு வழியை விட இரண்டு மணி நேரம் முந்தித் திருச்சி சேரலாம். இரவு முழுக்க ஓட்ட ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அலோர்ஸ்டார்க்காரர்கள் கெப்பாலா பத்தாஸில் உள்ள சுல்தான் அப்துல் ஹலிம் விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு மணி நேரத்தில் பறக்கலாம். வான்தூரம் சுமார் 410 கிலோமீட்டர். இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்தவர்கள் முதல் விமானம் தாமதமானால் அடுத்ததை இழக்க நேரிடும். இடையில் நான்கு மணி நேரமாவது விடுவது நல்லது.

எந்த வழியானாலும் மலேசியக் கடப்பிதழுக்கு இந்திய விசா வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் டிக்கெட் எடுக்கக் கூடாது.

தாத்தா, பாட்டி காலத்தில் இதே தூரம் ரஜூலா கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம். நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள் பினாங்கில் இறங்கி, அங்கிருந்து கெடா தோட்டங்களுக்குப் போனார்கள். பின்னர் வந்த எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியும் நின்றுபோனது.