தாங்குதிறன் யாருடைய பொறுப்பு?

கொடுமைக்கு ஆளாகும் இளைஞர்களுக்கு மனவலிமையை ஊட்டுவது எப்படி என்ற கேள்வி கல்விப்புலத்தில் ரொம்பவும் நல்லெண்ணத்தோடு கேட்கப்படுகிறது. பழுதுபார்க்கப்பட வேண்டியது அடிபட்டவனின் மனம்தான் என்று கேள்வியே முன்கூட்டித் தீர்மானித்துவிடுவதை யாரும் கவனிப்பதில்லை. அடித்தவன், வேடிக்கை பார்த்தவன், வருகைப்பதிவு எடுத்துவிட்டுப் போன ஆசிரியர் எல்லோரும் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறார்கள். தமிழகத்தில் இதற்கு ஒரு வரலாறு உண்டு.

1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் நாவரசு மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதுவரை ராகிங் என்பது 'சும்மா வெளையாட்டு', 'பையனுக்குக் கூச்சம் போகும்' என்றே பேசப்பட்டுவந்தது. அதாவது, கொடுமையே தாங்குதிறனைக் கற்றுத்தரும் பயிற்சி என்ற சொல்லாடல். நாவரசுவின் தந்தை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதி என்றபோதுதான் நடுத்தர வர்க்கம் அதிர்ந்தது. வழக்கோ 15 வருஷம் இழுத்தது: 1998-இல் கடலூர் நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை, 2001-இல் உயர்நீதிமன்றத்தில் விடுதலை, 2011-இல் உச்சநீதிமன்றத்தில் மீண்டும் தண்டனை.

1997-இல் வந்த தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டத்தை இன்று திரும்ப வாசிக்கையில் வியப்பாக இருக்கிறது. உடற்காயத்தோடு மனக்காயம், பயம், அவமானம் ஆகியவற்றையும் அது குற்றத்தின் வரையறைக்குள் கொண்டுவந்தது. விரும்பாத ஒன்றைச் செய்யச் சொல்வதே ராகிங் என்றது. இன்னும் முக்கியமாக, புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவர் குற்றத்துக்கு உடந்தையானவராகவே கருதப்படுவார் என்றது. பார்வை அடிபட்டவனிடமிருந்து நிறுவனத்தின் பக்கம் திரும்பிய கணம் அது. நாமோ அந்தச் சட்டத்தைக் கல்லூரி வாசலில் தொங்கும் எச்சரிக்கைப் பலகையாகச் சுருக்கிவிட்டோம். சீனியர் - ஜூனியர் விவகாரம், முதல் ரெண்டு மாசத்துப் பிரச்சினை என்று அதன் பொருள் குறுகிப்போனது. பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு நடுவே ஓடும் கோட்டை அந்தப் பலகையால் காண முடியவில்லை.

அந்தக் கோடு சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவர் ஒருவரைக் கூடப் படித்த ஆதிக்கசாதி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். அதற்கு முன்பே தொடர் சீண்டல், ஏவல். பையன் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். பள்ளியில் புகார் எழுதிக் கொடுத்தபின் அன்றிரவே அரிவாள் வந்தது. 'எதுவானாலும் டீச்சர்கிட்ட சொல்லுப்பா' என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றனவே, அவன் சொன்னான். சொன்னவனைக் காக்க ஏற்பாடு ஏதும் இல்லாத இடத்தில் தைரியம் அவனை இன்னும் தனியாக்கியது.

இது பையன்களின் முரட்டுத்தனம் அல்ல, ஓர் ஏற்பாடு. சதாராவில் பள்ளிச் சிறுவனாக இருந்த அம்பேத்கர் வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிச்சாக்கில் தனியே உட்கார வேண்டியிருந்தது. பியூன் வராவிட்டால் குடிக்கத் தண்ணீர் கிடையாது. அங்கே யாரும் கை ஓங்க வேண்டியதில்லை. இருக்கையும் குடிநீரும் பள்ளியின் அன்றாட ஒழுங்குமே அந்த வேலையைச் செய்தன. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு அந்தச் சாக்கின் தலைகீழ் வாரிசு. இப்போது அடையாளத்தை ஒடுக்குகிறவனே பெருமையாகக் கையில் கட்டிக்கொள்கிறான்.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிற்றுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல் என்று அது நிறுவனத்தை நோக்கியே பேசியது. 1997-இன் சட்டம் தொடங்கி வைத்த வாக்கியத்தின் தொடர்ச்சி என்று இதை வாசிக்கலாம்.

வெட்டுப்பட்ட அந்த மாணவர் 2024-இல் பிளஸ் டூவில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார். ஊரே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த எண்ணைச் சாதனைக் கதையாடலாக மாற்றும்போது, மார்க் எடுக்க முடியாமல் படிப்பை விட்டு ஓடியவர்கள் தாங்குதிறன் அற்றவர்களாகிவிடுகிறார்கள். ஒரு பிள்ளை தாங்குவது தன் நெஞ்சுரத்தால் மட்டுமல்ல. பக்கத்து பெஞ்சுக்காரன் எழுந்து நிற்பதால், புகார் சொன்ன நாளில் ஆசிரியர் கூடவே வீடுவரை வருவதால் தாங்குகிறது. 'தைரியமா இரு' என்று பிள்ளையிடம் சொல்லுமுன் அவன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படி ஒருவரும் இல்லையென்றால், நம் அறிவுரை அவன்மீது வைக்கப்படும் இன்னொரு சுமை.