மூலை வெட்டும் பார்வைக் கோடும்: கரைத்தீவுக் குடியிருப்புகளை முன்வைத்து ஒரு சட்ட வரலாறு

புத்தளத்துக்கு வடக்கே, களப்போரக் கிராமமான கரைத்தீவு வண்ணாத்திவில்லுப் பிரதேசத்தைச் சேர்ந்தது. மற்றக் கரையோர ஊர்களைப் போல இங்கும் கிடுகு வேலி குறைந்து சீமெந்துக் கல் மதில் கூடுகிறது. ஒரு காணி நாலாகப் பிரிந்தால் நாலு மதில் எழும். ஒழுங்கை பெரிய வீதியில் ஏறும் சந்தியில் ஆளுயர மூலையொன்று நிற்கும். அந்த மூலையைப் பற்றிச் சட்டம் என்ன எண்ணியது, எப்போது எண்ணியது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

இலங்கையில் வீடு கட்ட அனுமதி பெறும் நடைமுறைக்கு அடித்தளம் 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். அதற்கு முந்திய ஆண்டில்தான் கொழும்பில் பிளேக் நோய் தலைகாட்டியது. ஆகவே அச்சட்டத்தின் கவலை காற்றும் வெளிச்சமும். வீட்டின் பின்முற்றத்துக்கு வெளிச்சம் இறங்க 63½ பாகைக் கோணம் வரை அது யோசித்தது. சந்தியில் எதிரே வருபவரைக் காண்பது அன்றைய பிரச்சினை அல்ல.

கடலுக்கு அப்பால் சென்னை மாகாணத்தில் மூலை தனியாகவே பேசப்பட்டது. 1919ஆம் ஆண்டின் சென்னை நகர மாநகராட்சிச் சட்டமும், 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும், இரு தெருக்கள் கூடுமிடத்தில் எழும் கட்டடத்தின் மூலையை வளைத்தோ சாய்வாக வெட்டியோ கட்டப் பணிக்கும் அதிகாரத்தைத் தந்தன. தேவையான துண்டு நிலத்தை வாங்கிக்கொள்ளவும் இடம் இருந்தது. அங்கே சொல்லப்பட்ட காரணம் பொது வசதி, பார்வை அல்ல. வண்டி திரும்ப இடம் வேண்டும் என்ற காலத்துச் சிந்தனை அது என்றே நான் வாசிக்கிறேன்.

பார்வைக்காகவே விதி செய்தது மோட்டார் வண்டி. பிரித்தானியாவின் 1925ஆம் ஆண்டு வீதி மேம்பாட்டுச் சட்டம், மூலையில் பார்வையை மறைக்கும் மதில், வேலி, மரம் ஆகியவற்றைக் குறைக்கச் சொல்லும் அதிகாரத்தை வீதி அதிகாரிகளுக்குத் தந்தது. அந்த ஏற்பாடு 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தில் 79ஆம் பிரிவாக நிற்கிறது. நிலையான கட்டடத்தின் சுவருக்கு அது பொருந்தாது. குறைக்கச் சொன்னால் நட்டஈடும் உண்டு. எழுந்த பிறகு இடிப்பது செலவு என்பதை அச்சட்டம் ஒப்புக்கொள்கிறது.

இலங்கையில் 1946ஆம் ஆண்டின் நகர, நாட்டுத் திட்டமிடல் கட்டளைச் சட்டமும், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் வந்தன. 1986இல் வெளியான அச்சபையின் ஒழுங்குவிதிகள் காணித் துண்டின் அளவு, வீதி அகலம், திறந்தவெளி எல்லாவற்றுக்கும் எண் வைத்தன. ஆகக் குறைந்த துண்டு 150 சதுர மீற்றர். ஊர்ப் பேச்சில் ஆறு பேர்ச்சஸ். கரையோரக் காணிக்கு 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் இன்னோர் அனுமதியைச் சேர்த்தது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளம் மாவட்டத்தில் குடியேறியபோது, தேவைப்பட்டது கூரை. சந்திக் கோணத்தை அளக்க யாருக்கும் அவகாசம் இல்லை. 2007இல் உலக வங்கி 3.2 கோடி டாலர் நிதியில் புத்தளம் வீடமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குள் பல குடியிருப்புகளின் ஒழுங்கைகள் மனிதர் நடந்து நடந்தே முடிவாகியிருந்தன.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒழுங்கை 6 மீற்றர். மதில் பெரிய வீதியின் ஓரத்திலிருந்து 1 மீற்றர் தள்ளி நிற்கிறது. சாரதி ஒழுங்கையின் நடுவில், வீதியோரத்திலிருந்து 2.4 மீற்றர் பின்னே இருக்கிறார். ஓரத்திலிருந்து 1.5 மீற்றர் உள்ளே வரும் சைக்கிள்காரர் அவர் கண்ணில் படுவது ஏறக்குறைய 8 மீற்றரில். மூலையை 3 மீற்றருக்கு 3 மீற்றர் வெட்டினால் அது 17 மீற்றர் ஆகிறது. இரட்டிப்புத்தான், ஆனால் மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் வாகனம் நிற்க, ஒன்றரை விநாடி சுதாரிப்பையும் சேர்த்து, ஏறக்குறைய 43 மீற்றர் வேண்டும். தார் மேல் மணல் பரவிய நாளில் அதுவும் போதாது. அதே மதில் நேராக 2.4 மீற்றர் பின்வாங்கினால், மூலையை வெட்டாமலே வீதி முழுக்கத் தெரியும்.

ஆக, வண்டி திரும்பப் பிறந்த மூலை வெட்டைப் பார்வைக்கு மருந்தாக நம்புவதில் பொருளில்லை. பின்வாங்க இடமில்லாத மதிலுக்கு உயரமே முக்கியம். 2007ஆம் ஆண்டின் பிரித்தானிய வீதிக் கையேடு சாரதியின் கண்ணை 1.05 மீற்றரிலும், காணவேண்டிய சிறு பிள்ளையை 0.6 மீற்றரிலும் வைக்கிறது. முழங்கால் மட்டத்துக்கு மேல் எழாத மதில் யாரையும் மறைக்காது.

வீட்டுப் பெண்களின் மறைப்புக்கு உயர்ந்த மதில் வேண்டும் என்பது கரைத்தீவில் நியாயமான பேச்சு; கிடுகு வேலியும் அதைத்தான் செய்தது. அன்று ஒழுங்கையில் சைக்கிளே ஓடியது, இன்று ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் ஓடுகின்றன. ஆனால் மறைப்பு வேண்டியது முற்றத்துக்கு. சந்தியைத் தொடும் சில அடிகளை மட்டும் தாழ்த்தினால், அல்லது அங்கே கம்பி வேலி போட்டால், முற்றத்துக்குக் குறையொன்றும் வராது.

இதைச் செய்ய ஏற்ற தருணம் ஒன்றுதான்: காணி பிரிக்கும் வரைபடம் பிரதேச சபையின் மேசைக்கு வரும் நாள். நில அளவையாளர் கோடு போட்டு, நொத்தாரிசு உறுதி எழுதிய பின் அந்த மூலை ஒரு குடும்பத்தின் சொத்து. அதில் ஓர் அடி கேட்டாலும் விலை பேச வேண்டியிருக்கும்.