கல்லறைத் தோட்டமும் ஊர் மன்றமும்: வேல்ஸ் நாட்டுக் கிராமங்களின் வரலாற்றில் ஒரு பகுதி

1888ஆம் ஆண்டு வட வேல்ஸிலுள்ள லான்ஃப்ரோத்தன் என்னும் சிற்றூரில் ராபர்ட் ராபர்ட்ஸ் என்ற முதிய கற்சுரங்கத் தொழிலாளி மரித்தார். தம் மகளின் கல்லறைக்கு அருகில் தம்மை அடக்கம் செய்யவேண்டும் என்பதே அவருடைய இறுதி விருப்பமாயிருந்தது. அவர் கால்வினிய மெதடிஸ்டு சபையைச் சேர்ந்தவர். 1840இல் தாமஸ் ஜோன்ஸை நம் நாட்டின் காசி மலைகளுக்கு அனுப்பிவைத்த சபையும் இதுவே. அரசுத் திருச்சபையைச் சாராதவர்களும் தங்கள் முறைமையின்படியே சேகரக் கல்லறைத் தோட்டத்தில் அடக்க ஆராதனை நடத்தலாம் என்று 1880ஆம் ஆண்டின் சட்டம் இடங்கொடுத்திருந்தது. ஆயினும் சேகர குருவானவர் இசையவில்லை. தோட்டத்தின் ஒதுக்குப்புறத்தில் வேறொரு குழியைக் காட்டினார்.

குடும்பத்தார் 25 வயதினரான ஒரு வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்டனர். பிற்காலத்தில் பிரித்தானியப் பிரதமரான லாயிட் ஜார்ஜே அவர். அவருடைய சொற்படி அவர்கள் பூட்டியிருந்த வாயிலைத் திறந்து உட்புகுந்து, மகளின் அருகிலேயே தந்தையை அடக்கம் செய்தனர். குருவானவர் தொடுத்த வழக்கில் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாயிற்று. ஆனால் அவ்வாண்டு டிசம்பரில் இலண்டன் உயர் நீதிமன்றம் அதனை மாற்றிக் குடும்பத்தாரின் செயலே சரியெனத் தீர்த்தது.

ஒரு குழிக்காக எழுந்த இவ்வழக்கின் அடியில் பெரியதொரு கேள்வி கிடந்தது: கிராமத்தின் பொதுச்சொத்து யாருடையது? அந்நாட்களில் ஊர்க்காரியங்களில் பலவும் வெஸ்ட்ரி எனப்பட்ட சேகரக் கூட்டத்தின் பொறுப்பில் இருந்தன. வரி செலுத்துவோர் யாவரும் அதில் அமரலாம். ஆனால் தலைமைப்பீடம் குருவானவருக்கே உரியது. அரசுத் திருச்சபையின் ஆலயங்களுக்குச் செல்வோரைவிடச் சாரா சபைகளின் ஜெபவீடுகளுக்குச் செல்வோரே வேல்ஸில் மிகுதி என்பதை 1851ஆம் ஆண்டின் சமயக் கணக்கெடுப்பு ஏற்கெனவே காட்டியிருந்தது. ஊராரில் பெரும்பாலோர் ஓரிடத்தில் தொழ, ஊரின் கணக்குப் புத்தகம் வேறோரிடத்தில் இருந்தது.

1894ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் இதனை மாற்றியது. 300 பேருக்குக் குறையாத மக்கள்தொகையுள்ள ஒவ்வொரு நாட்டுப்புறச் சேகரத்திலும் வாக்காளர் தெரிந்தெடுக்கும் மன்றம் ஒன்று அமையவேண்டும் என அது விதித்தது. திருச்சபைக்கடுத்த காரியங்கள் வெஸ்ட்ரியிடமே நிற்க, ஏனைய ஊர்க்காரியங்கள் மன்றத்திற்கு வந்தன. மணமான பெண்களும் வாக்களிக்கவும் உறுப்பினராகவும் உரிமை பெற்றனர். வேறு தகுந்த இடம் கிடைக்கும்போது மதுக்கடையில் மன்றம் கூடலாகாது என்றும் ஒரு விதி உண்டு. மதுவிலக்கில் உறுதிகொண்ட வேல்ஸ் சபையார் அவ்விதியை மகிழ்ந்து வரவேற்றிருப்பார்கள்!

மன்றத்தை நடத்தத் தெரிந்த ஆட்களை ஆயத்தம் செய்ததில் ஜெபவீட்டுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் கருத்து. வேல்ஸின் ஞாயிறு பள்ளி சிறுவருக்கு மட்டுமுரியதன்று. முதியோரும் அதில் அமர்ந்து வேதத்தை வாசித்து, கேள்வி கேட்டு, தாய்மொழியிலேயே தர்க்கம் செய்தனர். மூப்பர்களையும் உதவிக்காரர்களையும் வாக்கெடுத்துத் தெரிந்துகொள்வது, காணிக்கைக் கணக்கைச் சபைக்கு முன் வைப்பது, கூட்டக் குறிப்பெழுதுவது ஆகியவை அவர்களுக்குப் பழகிய காரியங்கள். எனினும் இதை மிகைப்படுத்தலாகாது. சட்டம் கதவைத் திறந்தபின்னும் பெண்கள் மிகச் சிலரே மன்றங்களில் இடம்பெற்றனர்.

மன்றத்தின் கை எவ்வளவு குறுகியது என்பதும் பின்னர் விளங்கிற்று. ட்ரவெரின் பள்ளத்தாக்கில் நீர்த்தேக்கம் கட்ட விரும்பிய லிவர்பூல் மாநகராட்சி, உள்ளூர் ஆட்சிமன்றங்களின் இசைவை நாடாமல் 1957இல் நேரே நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் ஒன்றைப் பெற்றது. வேல்ஸ் உறுப்பினரில் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. ஆயினும் அது நிறைவேறியது. 1965இல் காப்பெல் கெலின் என்னும் கிராமம் தன் ஜெபவீட்டோடும் பள்ளியோடும் நீருக்குள் மறைந்தது. கல்லறைகளில் சில வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. எஞ்சியவை அங்கேயே மூடப்பட்டன. லான்ஃப்ரோத்தனில் ஒரு குடும்பம் நீதிமன்றத்தில் வென்றது. இங்கோ ஒரு முழுக் கிராமம் தன் மரித்தோரையும் காத்துக்கொள்ள இயலாமற் போயிற்று.

இதற்கு முன்னரே, 1920இல், வேல்ஸில் திருச்சபையின் அரசுத் தொடர்பு நீக்கப்பட்டிருந்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் 1974 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது, உள்ளாட்சியில் பாரிஷ் என்ற பெயரும் அங்கே ஒழிந்தது. இங்கிலாந்திலோ அது இன்றும் நிலைத்திருக்கிறது. வேல்ஸில் ‘சமுதாய மன்றம்’ என்பதே புதிய பெயர். சமுதாயத்தைக் குறிக்கும் வேல்ஸ் மொழிச் சொல்லும் அம்மொழியில் திருவிருந்தைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. சட்டம் எழுதியவர்கள் இதை எண்ணினார்களோ இல்லையோ, இறையியல் மாணவர் எண்ணிப்பார்க்கத் தக்கது.

இன்று ஏறக்குறைய 730 மன்றங்கள் உள்ளன. தமக்கு வேண்டிய தொகையை அவை ஆண்டுதோறும் தீர்மானிக்க, மேலுள்ள ஆட்சிமன்றம் அதனைத் தன் வரியோடு சேர்த்து வாங்கிக் கொடுக்கிறது. நடைபாதை, விளையாட்டுத்திடல், பேருந்து நிழற்குடை, ஊர்க்கூடம், போர் நினைவுச்சின்னம் ஆகியவற்றைப் பேணுவது அவற்றின் வேலை. புதுக்கட்டடத்தைப்பற்றிக் கருத்துச் சொல்லலாம்; முடிவுசெய்யும் அதிகாரம் இல்லை. ஆனால் கல்லறைத் தோட்டம் அமைக்கவும் நடத்தவும் மன்றத்திற்கு உரிமையுண்டு. இப்படி மன்றம் நடத்தும் தோட்டத்தில், எந்தச் சபையானாலும் ஊரார் எவரும் ஒரே பதிவேட்டில் இடம்பெறுகின்றனர்.

ஜெபவீடுகள் பல மூடப்பட்டுவிட்டன. 2021ஆம் ஆண்டின் சட்டம் உள்ளாட்சித் தேர்தல்களில் 16 வயதினருக்கும் வாக்குரிமை அளித்தது. தகுதி பெற்ற மன்றங்களுக்கு விரிந்த அதிகாரமும் தந்தது. ஆயினும் 2022 மே மாதத் தேர்தலில் பல இடங்களுக்குப் போட்டியே எழவில்லை. சில இடங்களுக்கு ஒருவரும் முன்வராததால், வென்றவர்களே அண்டைவீட்டாரை அழைத்து உறுப்பினராக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.