மானிப்பாய் வைத்தியரும் பாலபாடமும்

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில், மாலை விளக்கேற்றியபின், பாட்டியாரின் கையில் துணிப்பட்டை ஒன்றைச் சுற்றிப் பொத்தானை அழுத்துகின்றான் பேரன். சிறு பெட்டியின் முகத்தில் எண்கள் தோன்றுகின்றன. அவற்றைக் கொப்பியிற் குறித்துவைக்கின்றான். வைத்தியசாலைக்குச் செல்லும் நாளில் வைத்தியர் அக்கொப்பியைப் பார்ப்பார். இரத்த அழுத்தத்தை அளப்பதற்கு ஒருகாலத்தில் பயிற்சி பெற்ற செவி வேண்டியிருந்தது. இன்று கருவி தானே அளந்து சொல்லிவிடுகின்றது. ஒரு துளிக் குருதியிற் சர்க்கரையின் அளவைக் காட்டும் கருவியும், கண்ணின் உட்புறப் படத்தைப் பார்த்து நீரிழிவால் நேர்ந்த கேட்டினைக் கண்டறியும் கணினியும் உலகில் வந்துவிட்டன.

இவையெல்லாம் நன்றே. ஆயினும் அப்பெட்டியோடு வந்த சிறு கடதாசியை வாசித்தவர் யார்? அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருத்தல் வேண்டும். கை நெஞ்சின் மட்டத்தில் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் அறியாத வீட்டில், கருவி பழுதின்றி இயங்கினாலும் எண் பிழைபடும். கருவியின் அறிவு எவ்வளவு பெரிதாயினும், அதனைக் கையாள்பவரின் வாசிப்பே அதற்கு வாயில். இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இக்குடாநாட்டில் இருவர் இதனை வெவ்வேறு வழிகளிற் கண்டனர்.

1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் என்னும் ஊரிற் சாமுவேல் பிஸ்க் கிறீன் பிறந்தார். அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில் நமது நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். கிறீன் மருத்துவம் கற்று, அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டில் மானிப்பாயில் நிலைகொண்டார். அதே 1848இல் வண்ணார்பண்ணையில் நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சமயத்தால் இருவரும் எதிரெதிர் அணியினர். எனினும் தமிழ் உரைநடைக்கு ஆற்றிய பணியில், ஒருவருக்கொருவர் துணைநின்றார்கள் எனலாம்.

அக்காலத்து நிலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். நம்மிடத்தில் மருத்துவ அறிவு இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்து மன்னர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் நம் பரியாரிமார் போற்றிய செல்வங்கள். ஆனால் அவை செய்யுளால் ஆனவை, ஏட்டில் எழுதப்பெற்றவை. ஆசிரியர் வாய்கேட்டு மனனஞ் செய்தவருக்கே அவற்றின் பொருள் திறக்கும். திண்ணைப் பள்ளிச் சிறுவனும் அவ்வாறே நிகண்டையும் நீதிநூலையும் நெட்டுருச் செய்தான். முன்பின் அறியாத ஒரு பொருளைத் தனியே வாசித்து விளங்கிக்கொள்ளும் பழக்கம் அருமையாகவே இருந்தது.

கிறீன் முதலில் ஆங்கிலத்திலேயே மாணவர்க்கு மருத்துவம் கற்பித்தார். கற்றுத் தேறியவர்களுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. அவர்கள் ஊரைவிட்டு அகன்றார்கள். கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தான். இதனைக் கண்ட கிறீன், தமிழிற் கற்ற வைத்தியனே தமிழர் நடுவில் தங்குவான் என்று தெளிந்தார். தாய்நாடு சென்று 1862இல் மீண்டும் வந்தவர், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கலானார். இருகாலத்தும் சேர்த்து அவரிடம் பயின்றோர் அறுபதுக்கு மேற்பட்டோர்.

தமிழிற் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டுமே! அப்பணியை அவர் 1852இலேயே, உடலமைப்பும் உடல்நலமும் பற்றிய கற்றர் என்பாரின் நூலைத் தமிழாக்கித் தொடங்கியிருந்தார். 1857இற் பிரசவ வைத்தியம், 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், 1875இற் கெமிஸ்தம் என நூல்கள் வெளிவந்தன. இவற்றுள் மனுஷ அங்காதிபாதம், இலண்டனில் 1858இல் வெளியாகி உலகப் புகழ் பெற்ற கிரே என்பாரின் உடற்கூற்று நூலேயாகும். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழில் வந்துவிட்டது! 1873இல் நாடு திரும்பிய பின்னரும் அவர் ஓயவில்லை. தம் ஊரிலிருந்தே மொழிபெயர்ப்புகளைத் திருத்தினார். மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அவர் மறைந்தார். அவர் முயற்சியால் தமிழில் வந்த மருத்துவப் பக்கங்கள் ஏறக்குறைய நாலாயிரம்.

சொல்லாக்கத்தில் அவர் கொண்ட நெறி இன்றும் நினைக்கத்தக்கது. முதலில் மக்கள் வழக்கிலும் தமிழ் நூல்களிலும் சொல்லைத் தேடுவது. கிடையாவிடத்து வடமொழியை நாடுவது. அங்கும் கிடையாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இணங்க எழுதுவது. இரண வைத்தியம், அங்காதிபாதம், கெமிஸ்தம் என்னும் மூன்று பெயர்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அம்மூன்று படிகளும் விளங்கும். பெரிய நூல்களோடு அவர் நிற்கவுமில்லை. கண், காது, தோல் முதலிய உறுப்புகளைப் பற்றியும், வாந்திபேதியைப் பற்றியும் பொதுமக்களுக்கெனச் சிறு பிரசுரங்களை வெளியிட்டார். நோய்க்கு மருந்து கொடுப்பதோடு வைத்தியனின் கடமை முடிந்துவிடுவதில்லை என்று அவர் கருதியமைக்கு இவை சான்று.

கருவிகளும் அந்நாளிற் புதியனவாகவே வந்தன. நெஞ்சின் ஒலியைக் கேட்கும் குழாயைப் பிரான்சு நாட்டு லெனெக் 1816இல் அமைத்தார். காய்ச்சலை அளக்கும் கண்ணாடிக் குழல் முன்பு ஓரடி நீளமாய், இருபது நிமிடம் வைத்திருக்க வேண்டியதாய் இருந்தது. இங்கிலாந்தில் ஆல்பட் என்பவர் 1860களின் பிற்பகுதியில் அதனை ஆறங்குலமாகவும் ஐந்து நிமிடமாகவும் குறைத்தார். அந்நாளுக்கு இவையே திறன் கருவிகள். குழாய் ஒலியைத் தரும். அதன் பொருளைத் தாராது. அதனைத் தருவது நூல். ஆதலாற் கிறீன் கருவியையும் நூலையும் பிரித்து எண்ணவில்லை.

ஆனால் நூல் அச்சானால் மட்டும் போதுமோ? உரைநடையைத் தடையின்றி வாசிக்கும் ஒரு தலைமுறை வேண்டுமன்றோ? அத்தலைமுறையைத் தந்தவை நம் ஊர்ப் பாடசாலைகள். மிஷன் பள்ளிகள் ஊர்தோறும் இருந்தன. உடுவிலிற் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலை 1824இலேயே தொடங்கியது. நாவலரோ 1850 முதற் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். பிள்ளையின் வயதுக்கு ஏற்ப எளிய தொடரில் தொடங்கிப் படிப்படியாக உயரும் உரைநடைப் பாடங்கள் அவை. சொற்களைப் பிரித்தும், நிறுத்தக்குறி இட்டும், வாசிப்பவன் இடறாவண்ணம் அவர் அமைத்த நடை தமிழுக்கே பெரும்பேறு. பாலபாடம் வாசித்த பிள்ளைக்கு எந்தத் துறை நூலும் அஞ்சத்தக்கதன்று. சைவத்துக்காக எழுதப்பட்ட சிறுவர் நூல் அறிவியலுக்கும் வழிசமைத்தது. வரலாற்றின் விந்தை இதுவே.

இம்முயற்சி நிலைக்கவில்லை என்பதையும் மறைத்தலாகாது. 1870இற் கொழும்பில் மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கியது. உத்தியோகமும் மதிப்பும் ஆங்கிலத்தின் பக்கம் நின்றன. வடசொற் செறிந்த கிறீனின் நடையும் நாளடைவில் அரிதாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் மருத்துவ பீடம் அமைந்தபோதும் பாடமொழி ஆங்கிலமே. வைத்தியர்க்கு உலக மொழியறிவு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வைத்தியர் ஆங்கிலத்தில் அறிவதைப் பாட்டியார் தமிழில் அறியும் வழி எங்கே? கிறீன் கட்டிய பாலத்தின் அந்த முனை இன்னும் முடிவுறாமற் கிடக்கின்றது.

வாசிப்பின் இழப்பு யாதென்பதை இவ்வூர் நன்கறியும். 1967இல் நமது பொது நூலகத்திற் சிறுவர் பகுதி திறக்கப்பட்டது. 1981 ஜூன் தொடக்கத்தில் அந்நூலகம் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. கட்டடம் மீண்டும் எழுந்து, சிறுவர்களும் மீண்டும் வருகின்றனர். 2005 முதல் நூலகம் என்னும் தன்னார்வ அமைப்பு ஈழத்துப் பழம் பதிப்புகளைக் கணினியேற்றி, எவரும் வாசிக்கும்படி வைத்துள்ளது. கடதாசி எரியலாம், வாசிக்கும் பழக்கம் உள்ள இடத்தில் நூல் மீண்டும் தோன்றும். பழக்கமே அற்ற இடத்தில், பெட்டகம் நிறைய நூல் இருந்தும் பயனில்லை.

ஆகவே, நேயர்களே, பிள்ளையின் கையிற் கதைப்புத்தகம் கொடுப்பதைக் கல்விக்கு மட்டும் உரிய காரியமாகக் கொள்ளாதிருப்போம். இன்று கதையை ஒழுங்காக வாசிக்கும் பிள்ளை, நாளை மருந்துப் போத்தலின் சீட்டையும் கருவியின் குறிப்பையும் தயங்காது வாசிக்கும். அது வீட்டிலுள்ள முதியோருக்குக் கிடைக்கும் காவல். அவ்வாறே, கருவி செய்வோரும் வைத்தியசாலையாரும் அக்குறிப்புகளைப் பிள்ளைக்கும் விளங்கும் நல்ல தமிழில் எழுதுதல் கடன்.

கிறீன் தமது கல்லறையில், தாம் தமிழருக்கு மருத்துவத் தொண்டராக வாழ்ந்தமையையே பொறிக்கச் சொன்னார். மானிப்பாயில் அவர் பெயரால் வைத்தியசாலை நிற்கின்றது. மாலை விளக்கின்முன், கருவியின் கடதாசியைப் பாட்டியாருக்குப் பேரன் தமிழில் உரக்க வாசிப்பானாயின், அதுவும் அவருக்கு ஒரு நினைவுச் சின்னமே.