லூயி முதல் ஞானப்பிரகாசம் வரை: ஒரு பெயரின் வரலாறு

நூற்றாண்டு மலர் ஒன்றில் அதிகமாக இடம்பெறுவன பெயர்களே. அதிபர்கள், ஆசிரியைகள், சங்கத் தலைவிகள், செயலாளர்கள், பொருளாளர்கள், மறைந்த மாணவிகள் என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள் வரும். அந்தப் பெயர்களின் முன்னால் ஓர் எழுத்து நிற்கும். மணமாகும் வரை அது தகப்பனாரின் பெயருக்கு உரியது. மணமான பின் பெரும்பாலும் கணவரின் பெயருக்கு உரியது. ஆகையால் பெண்கள் படித்த பாடசாலையின் பழைய இடாப்பு ஒன்றைப் புரட்டினால், பிள்ளைகளின் பெயர்களோடு ஊரிலிருந்த ஆண்களின் பெயர்களையும் சேர்த்தே வாசிக்கிறோம்.

அப்படி வரும் முதலெழுத்துக்களுள் ஒன்று "ஞா". ஞானசம்பந்தன், ஞானசேகரம், ஞானப்பிரகாசம் என்று அதை விரிக்கலாம். இவற்றுள் ஞானப்பிரகாசம் என்ற பெயருக்குத் தனியான ஒரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டிலும் அது வழங்கியது. கத்தோலிக்க வீட்டிலும் வழங்கியது. கத்தோலிக்க வீட்டில் அது வழங்கியதன் பின்னே "லூயி" என்ற பிரெஞ்சு ஆண்பிள்ளைப் பெயர் ஒன்று இருக்கிறது. அதன் வரலாற்றைச் சண்டிலிப்பாயிலிருந்து எழுதுவதற்கு ஒரு நியாயமும் உண்டு. அந்தப் பெயரைத் தாங்கியோருள் மிகப் பெரிய தமிழறிஞர் பிறந்தது எமது அயலூரான மானிப்பாயில்.

பெயரின் பிறப்பு

பிரெஞ்சு மொழியில் இந்தப் பெயரின் கடைசி எழுத்து ஒலிப்பதில்லை. "லூயி" என்றே சொல்வார்கள். பிரான்சு என்ற நாட்டுக்குப் பெயர் கொடுத்த பிராங்கு இனத்தாரின் பழைய ஜேர்மானிய மொழியில் இது பிறந்தது. "ஹ்லூத்" என்றால் புகழ்பெற்ற. "விக்" என்றால் போர். இரண்டும் சேர்ந்து "போரிற் புகழ்பெற்றவன்" என்ற பொருளைத் தந்தன. கி.பி. 511இல் இறந்த பிராங்கு மன்னன் குளோவிஸின் பெயரும் இதே சொல்லின் பழைய வடிவமே. இலத்தீனில் இது லுதோவிக்கஸ் ஆயிற்று. ஜேர்மனியர் லுட்விக் என்றனர். இத்தாலியர் லுயிஜி என்றனர். போர்த்துக்கேயரும் ஸ்பானியரும் லூயிஸ் என்றனர். ஆங்கிலேயர் லூவிஸ் என்றனர். தென் பிரான்சின் புரோவான்சுப் பகுதியில் வழங்கிய அலோயிஸ் என்ற வடிவம் இலத்தீனுக்குச் சென்று அலோசியஸ் ஆனது. பெண்பிள்ளைக்கு இட்டபோது அது லூயிஸா ஆனது.

பிரான்சில் இது அரச பெயர். 18ஆம் லூயி வரை எண்ணிட்டு அழைக்கும் அளவுக்கு மன்னர் பலர் இதைச் சூடினர். அவர்களுள் 9ஆம் லூயி 1270இல் சிலுவைப் போர்ப் பயணமொன்றில் தூனிஸ் நகரருகே இறந்தார். 1297இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். 14ஆம் லூயி 1643 முதல் 1715 வரை 72 ஆண்டுகள் அரசாண்டார். 16ஆம் லூயி 1793 ஜனவரி 21இல் புரட்சியாளரால் கொல்லப்பட்டார். தமிழ் நிலத்திலும் இந்த அரச பெயரின் அடையாளம் ஒன்று இருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கட்டிய கோட்டைக்கு லூயிக் கோட்டை என்று பெயர். 1761இல் ஆங்கிலேயர் அதைத் தகர்த்தனர்.

அரசர் அல்லாதோரும் இந்தப் பெயரை உலகறியச் செய்தனர். 1809இல் பிறந்த லூயி பிறெயில் மூன்று வயதில் தகப்பனாரின் பட்டறையில் நேர்ந்த விபத்தால் கண்ணிழந்தார். பதினைந்து வயதளவில் விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்தை அவர் வகுத்தார். தமிழும் இன்று அந்த எழுத்தில் வாசிக்கப்படுகிறது. விசர்நாய்க் கடிக்குத் தடுப்பூசி கண்ட லூயி பாஸ்ச்சரை எமது விஞ்ஞானப் புத்தகங்கள் வழியே எல்லோரும் அறிவோம்.

ஆயினும் தமிழ்ப் பெண் கல்வியோடு நேரடியாகத் தொடர்புடைய லூயி ஒருவரை எம்மிற் பலர் அறியார். அவர் லூயி சவினியன் துபுயி என்ற பிரெஞ்சுக் குருவானவர். புதுச்சேரியில் மிஷன் அச்சகத்தை நடத்தியவர். மூசே என்ற மற்றொரு குருவுடன் சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதி ஒன்றை ஆக்கியவர். பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவு ஊட்டுவதற்கென்றே தமிழ்ப் பெண்களைக் கொண்டு 1844இல் ஒரு கன்னியர் சபையை அவர் தொடக்கினார். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. யாழ்ப்பாணத்தில் அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1824இல், உடுவிலில் அமெரிக்க மிஷனார் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கியிருந்தனர் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

தமிழானது எவ்வாறு

கத்தோலிக்கத் தமிழர் புனிதர்களின் பெயர்களை இருவிதமாக ஏற்றனர். சிலவற்றை ஒலியால் ஏற்றனர்: அந்தோனி, மிக்கேல், சவேரியார், செபஸ்தியார். போர்த்துக்கேயரின் ஜொசே எம்மிடம் சூசை ஆனதும் அவ்வாறே. வேறு சிலவற்றைப் பொருளால் ஏற்றனர். போல் என்ற பெயரின் இலத்தீன் மூலத்துக்குச் சிறியவர் என்பது பொருள். ஆகவே அவர் சின்னப்பர். பிரெஞ்சில் எத்தியேன் என வழங்கும் ஸ்தேவானின் கிரேக்கப் பெயருக்கு முடி என்பது பொருள். ஆகவே அவர் முடியப்பர். ஜோன் என்பதன் எபிரேய மூலம் இறைவனின் அருளைக் குறிப்பது; ஆகவே அவர் அருளப்பர். மொழியறிந்தவர்கள் செய்த வேலை இது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அலோசியஸ் என்ற லூயிக்குத் தமிழில் இட்ட பெயர் இந்த இரண்டு வழியிலும் வரவில்லை. ஒலியைக் கொண்டிருந்தால் லூயிஸ் என்றே நின்றிருக்கும். பொருளைக் கொண்டிருந்தால் போர்ப்புகழார் என்பது போல ஏதேனும் வந்திருக்கும். வந்ததோ ஞானப்பிரகாசம், அதாவது ஞானத்தின் ஒளி.

அந்தப் புனிதரின் வாழ்வைப் பார்த்தால் பொருத்தம் விளங்கும். அலோசியஸ் கொன்சாகா 1568இல் வட இத்தாலியில் ஒரு பிரபுவின் மூத்த மகனாகப் பிறந்தார். தகப்பனார் அவரைப் போர்வீரனாக்க விரும்பினார். மகனோ குடும்ப உரிமையைத் தம்பிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு யேசு சபையிற் சேர்ந்தார். உரோமையில் கொள்ளைநோய் பரவியபோது நோயாளரைத் தூக்கிப் பராமரித்தார். தாமும் நோயுற்று 1591 ஜூன் 21இல் 23 வயதில் இறந்தார். 1726இல் புனிதராக அறிவிக்கப்பட்ட அவர், பின்னர் மாணவரின் பாதுகாவலராகவும் கொள்ளப்பட்டார். போரைக் குறிக்கும் பெயரைப் பெற்றும் போரை விட்டவர் அவர். அவருக்குத் தமிழர் வழங்கிய பெயரில் போர் இல்லை, கல்வி இருக்கிறது. பெயரின் அகராதிப் பொருளை விட்டு, பெயருடையவரின் வாழ்வையே தமிழ் பெயர்த்தது போல இருக்கிறது.

சைவ ஞானப்பிரகாசர்

இந்தச் சொற்றொடர் கத்தோலிக்கருக்கென்று புதிதாக ஆக்கப்பட்டதன்று. "பிரகாசம்" சைவ உலகில் நன்கு பழகிய சொல். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் செய்த சாத்திர நூல் சிவப்பிரகாசம். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் நிறுவியது சைவப்பிரகாச வித்தியாசாலை.

ஞானப்பிரகாசர் என்ற பெயரோடு யாழ்ப்பாணத்தில் முதலிற் புகழ்பெற்றவரும் சைவரே. அவர் திருநெல்வேலியைச் சேர்ந்த ஞானப்பிரகாச முனிவர். போர்த்துக்கேயர் ஆட்சியின் காலத்தவர். ஆட்சியாளரின் உணவுக்கு வீட்டு முறைப்படி பசு கொடுக்க வேண்டும் என்ற கட்டளை வந்தபோது, தமது முறை வருமுன் இரவோடிரவாக ஊரைவிட்டு நீங்கினார் என்பது வழிவழி வந்த செய்தி. அவர் தமிழகம் சென்று, வடக்கே வடமொழி கற்று, சிவஞானசித்தியாருக்கு உரை செய்தார். சிதம்பரத்தில் அவர் பெயரால் விளங்கும் ஞானப்பிரகாசர் குளம் இன்றும் உண்டு.

மானிப்பாயின் மகன்

அடுத்த ஞானப்பிரகாசர் 1875 ஆகஸ்ட் 30இல் மானிப்பாயில் சுவாமிநாதபிள்ளைக்கும் தங்கமுத்துவுக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வைத்தியலிங்கம். சிறுவயதிலேயே தந்தை இறந்தார். தாயார் அச்சுவேலியைச் சேர்ந்த கத்தோலிக்கரான தம்பிமுத்துப்பிள்ளையை மறுமணம் செய்தார். மகனும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பிரகாசம் ஆனார்.

நூல்களில் ஓரிரு வரியில் கடந்துபோகும் இந்தச் செய்தியில், பெண்கள் பாடசாலையின் மலர் சற்று நின்று பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் கைம்பெண் ஒருத்தி மறுமணம் செய்வது எளிதான காரியம் அன்று. சமயம் மாறி மணஞ்செய்வது அதனிலும் கடினம். சரியா பிழையா என்று தீர்ப்புக் கூறுவது எமது வேலையன்று. தங்கமுத்து அம்மையார் மானிப்பாயிலிருந்து அச்சுவேலிக்குச் சென்றிராவிட்டால் வைத்தியலிங்கம் வைத்தியலிங்கமாகவே இருந்திருப்பார் என்பதை மட்டும் சொல்லலாம். அவரின் பெயருக்குப் பின்னே ஒரு தாயின் முடிவு இருக்கிறது.

புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராகச் சிறிது காலம் பணியாற்றிய ஞானப்பிரகாசம், பின்னர் குருமடம் புகுந்து 1901இல் குருவானார். அவர் சேர்ந்த அமலமரித் தியாகிகள் சபை 1816இல் புரோவான்சுப் பகுதியில் மசனோட் என்பவரால் தொடங்கப்பட்டது. 1847இல் அச்சபையார் இலங்கைக்கு வந்தனர். அலோயிஸ் என்ற வடிவம் பிறந்த பகுதியிலிருந்து வந்த சபையிலே, அந்தப் பெயரின் தமிழ் வடிவத்தைத் தாங்கிய மானிப்பாய்ப் பிள்ளை குருவானது வியப்புக்குரியது.

நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் என்று நாடறிந்த அவர் பன்மொழிப் புலவர், வரலாற்றாசிரியர். 1928இல் அச்சுவேலியில் அச்சான "யாழ்ப்பாண வைபவ விமர்சனம்" இன்றும் ஆய்வாளர் புரட்டும் நூல். சைவர்களுடன் அவருக்குக் கருத்துப் போர்களும் இருந்தன. அவற்றையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர் வாழ்நாளின் பெரும்பணி சொற்களின் வேரைத் தேடுவதாகும். தமிழ்ச் சொற்கள் எந்த வேரிலிருந்து கிளைத்தன, பிறமொழிச் சொற்களோடு அவற்றுக்கு என்ன உறவு என்பதை ஆராய்ந்து "சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி"யைப் பகுதி பகுதியாக 1938 முதல் வெளியிட்டார். அது முற்றுப்பெறுமுன் 1947 ஜனவரி 22இல் மறைந்தார்.

முன்னால் நின்ற பெயரும் உள்ளே கலந்த பெயரும்

எமது பகுதியில் பிறநாட்டுப் பெயர் வந்த மற்றொரு வழியும் உண்டு. அமெரிக்க மிஷன் விடுதிகளில் படித்த பிள்ளைகள் பலருக்கு, அவர்களின் செலவை ஏற்ற அமெரிக்கரின் பெயர்கள் இடப்பட்டன. பாவலர் சரித்திர தீபகத்தை 1886இல் தந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான கரோல் விசுவநாதபிள்ளை ஆகியோரின் பெயர்களில் பிறநாட்டுப் பெயரும் தமிழ்ப் பெயரும் அருகருகே நிற்கின்றன. அங்கே எது வந்தது, எது இருந்தது என்பது பார்த்தவுடன் தெரியும். ஞானப்பிரகாசத்தில் அது தெரியாது. வந்த பெயர் இங்கிருந்த பெயருக்குள் முழுவதும் கலந்துவிட்டது. ஆகவேதான் "ஞா" என்ற முதலெழுத்தைக் கண்டு ஒரு பிள்ளையின் சமயத்தை எவரும் சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்ல முடியாமல் இருப்பது எமது ஊருக்கு நல்லது.

இன்று

1980களிலிருந்து எமது பிள்ளைகள் பலர் பிரான்சுக்குச் சென்றனர். பாரிசின் லா சப்பல் பகுதியில் தமிழ்க் கடைகளின் பெயர்ப்பலகைகளைப் பார்க்கலாம். அங்கே பிறந்த எமது பேரப்பிள்ளைகள் வகுப்பில் லூயி என்ற பெயருள்ள தோழரோடு படிக்கிறார்கள். அண்மைக் காலத்திலும் பிரான்சில் மிகுதியாக இடப்படும் ஆண்பிள்ளைப் பெயர்களுள் அது ஒன்று. எம்மவரின் தகப்பன் பெயர், பேரன் பெயர் அங்கே பத்திரங்களில் குடும்பப் பெயராகப் பதியப்பட்டுத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. அவ்வாறு ஞானப்பிரகாசமும் இன்று பிரான்சில் ஒரு குடும்பப் பெயர். புறப்பட்ட நாட்டுக்கே அந்தப் பெயர் தமிழாகத் திரும்பியிருக்கிறது.

ஆனால் பத்திரத்திற் பதிந்த பெயரின் காரணத்தைப் பத்திரம் சொல்லாது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டுப் புறப்பட்டபோது பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், கலியாணப் படங்கள், சாதகக் குறிப்புகள் எத்தனையோ அழிந்தன. எஞ்சியது முதியவர்களின் நினைவு. இந்த மலரை வாசிக்கும் பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்தை ஒருமுறை விரித்து எழுதுங்கள். அந்தப் பெயரை இட்டது யார், ஏன் இட்டார் என்று வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். அதனோடு தாயின் பெயரையும் பேர்த்தியின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். முதலெழுத்தில் அவர்களுக்கு இடமில்லை. தங்கமுத்து என்ற பெயரை யாரோ ஒருவர் எழுதி வைத்தபடியால்தான் இன்று நாம் அதை அறிகிறோம்.