காப்டன் லட்சுமியும் அவர் படையும்

பிரஷ்யாவின் புகழ்பெற்ற தளகர்த்தர் மோல்ட்கே சிறு வயதிலேயே இராணுவப் பள்ளியிற் சேர்க்கப்பட்டவர். அத்தகைய பயிற்சியின்றிப் படைத்தலைமை வாய்க்காது என்பர் பலர். பெண்ணுக்கோ ஒருகாலும் வாய்க்காது என்பர். அவ்வெண்ணத்தை, தஞ்சோங் பகார்த் துறைமுகத்தில் நம்மவர் மூட்டை சுமந்த இச்சிங்கப்பூரே பொய்யாக்கியது.

சென்னையில் 1914-ல் பிறந்த லட்சுமி சுவாமிநாதன், மருத்துவம் கற்று 1940-ல் இங்கு வந்து ஏழைத் தொழிலாளருக்கு வைத்தியம் செய்தார். 1943 ஜூலையில் இங்கு வந்த சுபாஷ் சந்திர போஸ் மகளிர் படை ஒன்று வேண்டுமென, அதன் தலைமையை அவர் ஏற்றார். அக்டோபர் 22-ல் வாட்டர்லூ வீதியில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் பலர் அதிற் சேர்ந்தனர். பால் வெட்டும் கத்தி பிடித்த கைகள் துப்பாக்கி பிடித்தன.

1944-ல் அப்படையினர் பர்மாவுக்குச் சென்றனர். ஆயினும் அவர்கள் போர்முனையில் இறங்குமுன்னரே இம்பால் படையெடுப்பு தோல்வியுற்றது. 1945-ல் லட்சுமி பிடிபட்டார். 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். பின்னர்க் கான்பூரில் நெடுங்காலம் வைத்தியத் தொண்டு புரிந்து 2012-ல் காலமானார்.

அப்படைக்குத் துணைநின்ற ஜப்பானியரே நம் தோட்டத் தொழிலாளரைச் சயாம் இரயில் பாதையில் ஆயிரக்கணக்கில் மடியச் செய்தனர். இதை நாம் மறைத்தலாகாது. அப்படை ஒரு கோட்டையையும் பிடிக்கவில்லை என்பதும் மெய்யே. ஆனால், பெண்ணால் ஆகாது என்னும் பழஞ்சொல்லை அது வீழ்த்திற்று. அப்பெண்களின் பேத்திகளைப் படிக்கவும் தொழில் செய்யவும் விடாது தடுப்போர், இனி என்ன நியாயம் கூறுவர்?