கண்டக்குழி: பயணமும் போக்குவரத்தும்

கண்டக்குழி இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் உள்ள மீன்பிடிக் கிராமம். கற்பிட்டி நகரத்துக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. வரைபடங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் பெரும்பாலும் கந்தக்குளிய என்ற சிங்கள வடிவத்திலேயே காணப்படும். டொல்பின் பார்க்கும் படகுகளாலும் பட்டம் கட்டிய அலைச்சறுக்காலும் 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு வெளிநாட்டார் நடுவே பெயர் பெற்றது. ஊருக்கு விமான நிலையம் இல்லை, ரயில் இல்லை, பயணிகள் கப்பலும் இல்லை. வெளியூரார் எல்லாரும் பாலாவிச் சந்தியில் பிரியும் ஒற்றை வீதியால்தான் வந்தாக வேண்டும்.

அமைவு

மேற்கே மன்னார் வளைகுடாவைத் தொட்ட கடல், கிழக்கே ஏறத்தாழ 327 சதுர கிலோமீட்டர் பரந்த புத்தளம் களப்பு. இரண்டுக்கும் இடையில் வடக்கு நோக்கி நீண்ட மணல் நாக்குதான் குடாநாடு. களப்பைத் தெற்கேயுள்ள முந்தல் வாவியோடு கால்வாய் இணைப்பதால், அடிப்பக்கத்திலும் தண்ணீர் உண்டு. ஆகவே இதைத் தீவு என்று ஒருவர் சொன்னால் பெரிதாக மறுக்க வேண்டியதில்லை.

புத்தளம் நகரத்திலிருந்து களப்பின் மேலாகக் கற்பிட்டிக்கு நேர்த்தூரம் இருபது சொச்சம் கிலோமீட்டர். வீதியிலோ முதலில் தெற்கே பாலாவிக்கு இறங்கி, மேற்கே திரும்பி, பிறகு வடக்கே ஏறிப் போக வேண்டும். தூரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். எதிர்க்கரையில் இருக்கும் ஊருக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று முதன்முறை வருபவர் கேட்பது வழக்கம்.

நீர்வழிக் காலம்

இன்று ஒற்றை வீதியை நம்பியிருக்கும் இந்தக் கரை, ஒரு காலத்தில் உள்நாட்டுக்கே வாசலாக இருந்தது. மொரோக்கோப் பயணி இப்னு பதூதா 1344இல் இலங்கையில் இறங்கிய 'பத்தாலா' என்ற இடம் புத்தளம் என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி. களப்பின் வாய் வடக்கே திறந்திருப்பதால், புத்தளத்துக்குப் போகும் மரக்கலம் எதுவும் கற்பிட்டியின் கண்ணில் படாமல் உள்ளே நுழைய முடியாது.

இதை ஒல்லாந்தர் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். 1659இல் கற்பிட்டியைப் பிடித்து, 1667இல் கோட்டை கட்டத் தொடங்கி, 1676இல் முடித்தார்கள். அவர்களுடைய இலக்கு கண்டி இராச்சியத்தின் வணிகம். மலைநாட்டுப் பாக்கு புத்தளத்துக்கு இறங்கும். துணியும் உப்பும் அங்கிருந்து மேலே ஏறும். தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களே அதைச் சுமந்தன. களப்பின் வாயில் கோட்டை இருந்தால் அந்த வணிகத்தின் கழுத்து கையில் இருந்த மாதிரி.

1766 பெப்ரவரி 14ஆம் திகதி செய்த உடன்படிக்கையில் கண்டி மன்னர் கீர்த்தி சிறீ இராசசிங்கன் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தக் கம்பனிக்கு விட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து 1815இல் ஆங்கிலேயரிடம் வீழும்வரை கண்டி முற்றிலும் நிலம் சூழ்ந்த நாடு. இலங்கைத் தீவுக்குள்ளேயே கடலில்லாத நாடு ஒன்று அரை நூற்றாண்டு இருந்தது என்பது பாடப்புத்தகங்கள் அழுத்திச் சொல்லாத செய்தி. புத்தளம், சிலாபம் உப்பளங்களில் உப்பு அள்ளும் உரிமையைக் கண்டியார் அதே உடன்படிக்கையில் கேட்டுப் பெற்றுக்கொண்டனர். கடல் போனாலும் உப்பு வேண்டுமே. இன்று நேபாளம் தன் சரக்குக்குக் கொல்கத்தா, ஹல்தியா துறைமுகங்களை எதிர்பார்த்திருப்பதும் இதே வகை நெருக்கடிதான். கடலற்ற அந்தக் கண்டியின் சுங்க வாசலாகக் கற்பிட்டி இருந்தது.

1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஒல்லாந்தர் தொடங்கிய கால்வாய்த் தொடரை அவர்கள் செப்பனிட்டு நீட்டினார்கள். கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் களப்புவரை தட்டையான படகுகளில் சரக்கு வந்து போனது. 1807இல் கற்பிட்டியில் பிறந்து, 1834இல் இலங்கை முழுவதன் ஊர்களையும் அகரவரிசைப்படுத்திய 'சிலோன் கெசட்டியர்' நூலை எழுதிய சைமன் காசிச்செட்டி இந்த நீர்வழி உலகத்தின் பிள்ளை. ஒரு தீவின் ஊர் அகராதி துறைமுக ஊர்க்காரர் கையில் உருவானதில் வியப்பில்லை.

கதை திரும்பியது ரயிலால். கரையோரப் பாதை 1909இல் நீர்கொழும்பையும் 1916இல் சிலாபத்தையும் 1926இல் புத்தளத்தையும் தொட்டது. சரக்கு களப்பின் கிழக்குக் கரைக்கு மாறியது, கால்வாய் தூர்ந்தது. முன்வாசலாக இருந்த கற்பிட்டி கொல்லைப்புறமானது.

நீர்வழி கடைசியாகப் பெரிய அளவில் பயன்பட்டது துயரமான ஒரு தருணத்தில். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவினர் பலர் படகுகளில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். குடாநாட்டு வீதியோரங்களில் இன்று காணும் குடியிருப்புகளில் பல அந்த வருகையால் உருவானவை.

விமானத்தில் வருதல்

கண்டக்குழிக்குரிய விமான நிலையம் கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையம். தூரம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர், வாகனத்தில் மூன்று மணி நேரம். சென்னை, திருச்சி, மதுரையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நேரடி விமானங்கள் உண்டு. பறக்கும் நேரம் ஒரு மணியைச் சுற்றியே. ஆகாயத்தில் கழிவதைவிட இறங்கிய பின் வீதியில் கழியும் நேரமே அதிகம்.

முதன்முறை வருபவர்கள் முதலில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து புத்தளம் பஸ் பிடிப்பது உண்டு. இது வீண் அலைச்சல். கொழும்பு, விமான நிலையத்துக்குத் தெற்கே இருக்கிறது; கற்பிட்டி வடக்கே. 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேக வீதிக்கும் இந்தப் பயணத்துக்கும் சம்பந்தமில்லை. விமான நிலையத்திலிருந்து நேரே நீர்கொழும்புக்குப் போய் ஏ3 வீதியில் ஏறிவிட வேண்டும். இரவில் இறங்குபவர்களுக்கு நீர்கொழும்பில் தங்கி விடியற்காலை கிளம்புவதே நல்லது.

யாழ்ப்பாணத்தின் பலாலி 2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அங்கே பறக்கலாம். ஆனால் கண்டக்குழிக்கு அது குறுக்குவழி ஆகாது. ஏ9 வீதியில் தெற்கே இறங்கி, அனுராதபுரம் போய், ஏ12இல் புத்தளம் வந்து சேர நாளின் பெரும்பகுதி போய்விடும். மன்னாரிலிருந்து கரையோரமாகப் புத்தளம் வரும் பழைய தடம் வில்பத்து தேசிய பூங்காவுக்குள் போகிறது. அதைத் திறப்பதா மூடுவதா என்ற வழக்கு நீண்டகாலம் இழுபட்டது. அந்த வீதியை நம்பிப் பயணத் திட்டம் போடக்கூடாது.

குடாநாட்டிலேயே விமானத் தளம் அமைக்கும் பேச்சும் இருந்தது. கற்பிட்டியையும் அதைச் சுற்றியுள்ள 14 தீவுகளையும் சேர்த்து வகுத்த பெரிய சுற்றுலாத் திட்டத்தில் உள்நாட்டு விமான நிலையமும் ஓர் அங்கம். திட்டம் காணி எடுப்பு பற்றிய சச்சரவுகளைக் கிளப்பிய அளவுக்கு ஓடுபாதையைக் கிளப்பவில்லை. பாலாவியில் இருப்பது விமானப்படை முகாம், பயணிகளுக்கானதல்ல.

தூத்துக்குடி கண்டக்குழியிலிருந்து கடல்மேல் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் மட்டுமே. இருந்தும் நேர்வழி இல்லை. 2011 ஜூனில் தொடங்கிய தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் அந்த ஆண்டு நவம்பரிலேயே நின்றது. 2023இல் நாகப்பட்டினத்திலிருந்து தொடங்கிய படகுச் சேவை காங்கேசன்துறைக்குப் போகிறது. அதில் வருபவருக்கும் மேலே சொன்ன வடக்குப் பாதைதான்.

ரயிலும் பஸ்ஸும்

புத்தளம் ரயில் பாதை ராகமையில் பிரிந்து கட்டுநாயக்க, நீர்கொழும்பு, சிலாபம், முந்தல், மதுரங்குளி, பாலாவி என்று வருகிறது. கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். தென்னந்தோட்டங்களுக்குள் மெதுவாக நகரும் இந்த ரயில் அவசரக்காரருக்கு உதவாது. பெரிய பையோடு வருபவருக்கு பஸ்ஸைவிடச் சுகம். இறங்க வேண்டியது புத்தளத்தில் அல்ல, அதற்கு முன்பே பாலாவியில்.

பஸ்ஸில் வருபவருக்கும் பாலாவியே முடிச்சு. கொழும்பு புறக்கோட்டையிலிருந்து கற்பிட்டிக்கு நேரடி பஸ்கள் உண்டு. கிடைக்காவிட்டால் புத்தளம் பஸ்ஸில் ஏறிப் பாலாவியில் மாற வேண்டும். புத்தளத்திலிருந்து வரும் கற்பிட்டி பஸ் சந்திக்கு வரும்போதே பாதி நிறைந்திருக்கும். பின்கதவுப் பக்கம் வெங்காயச் சாக்கும் வெறும் ரெஜிபோம் பெட்டியும் அடுக்கியிருப்பார்கள். இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒன்றையொன்று முந்தப் பார்ப்பதால், ஏறுபவர் கால் வைத்ததும் வண்டி நகர்ந்துவிடும். அலைச்சறுக்குப் பலகையோடு வருபவர் நடத்துனரிடம் முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது, அதற்கும் ஒரு இருக்கைக் காசு கேட்பதுண்டு.

பாலாவியிலிருந்து கற்பிட்டி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மாம்புரியில் காற்றாலைகள் தெரியும். நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி நெடுந்தூரம் கூடவே வரும். நிலக்கரி கப்பலில் வந்தாலும் மற்றக் கனரக வாகனங்கள் இதே வீதியில்தான் ஓடுகின்றன. பிறகு ஆலங்குடா, ஏத்தாளை, பள்ளிவாசல்துறை. வீதியின் இருபுறமும் மணலில் கிணற்றுநீர் பாய்ச்சிய வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்கள். கண்டக்குழிக்குப் போகிறவர் கற்பிட்டி நகரத்துக்கு முன்பே கிளைவீதியில் இறங்கி முச்சக்கர வண்டி பிடிக்கலாம். நகரம்வரை போய்த் திரும்புவதும் வழக்கமே, வண்டி நிச்சயம் கிடைப்பது அங்கேதான்.

குடாநாட்டிலேயே உள்ள தலவில் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாக் காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் பிழைக்கும். மார்ச்சிலும் ஜூலை–ஓகஸ்டிலும் ஆண்டுக்கு இருமுறை நாட்டின் நாலாபுறமிருந்தும் பக்தர்கள் திரளுவார்கள், மதபேதமின்றி. கொடியேற்றத்திலிருந்து பாலாவி வீதி நெரியும். விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் அந்நாட்களில் அரைநாள் முன்கூட்டியே கிளம்ப வேண்டும்.

குடாநாட்டுக்குள்

உள்ளே போய்வர முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் போதும். தங்குமிடங்கள் சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கும். நிலம் தட்டை என்பதால் ஏற்றமில்லை. ஆனால் தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் சைக்கிளைத் தள்ளவே வேண்டியிருக்கும். இரவில் கவனிக்க வேண்டியது கழுதைகளை. புத்தளம், கற்பிட்டி, மன்னார்ப் பகுதிகளுக்கே உரிய இவற்றை அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். பொதி சுமந்த காலம் போய், கேட்பாரற்றுத் திரிகின்றன. பகலின் சூடு தங்கிய தாரில் இரவில் படுத்துக்கொள்ளும். ஹோர்ன் அடித்தாலும் எழும்பாது.

கற்பிட்டிக் கோட்டை கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் வாசலில் அனுமதி கேட்டு, அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ காட்ட வேண்டும்.

கடலும் காற்றும்

கண்டக்குழியில் எந்தப் படகு எப்போது போகும் என்பதைத் தீர்மானிப்பது காற்று. மே முதல் ஒக்டோபர்வரை சோளகம் வீசும். கடல் கொந்தளிப்பதால் டொல்பின் படகுகள் கரையேறிவிடும். கரையோர மணல்திட்டுக்கு உட்புறமுள்ள ஆழமற்ற நீர்ப்பரப்பு அப்போது பட்டச் சறுக்கர்களால் நிறையும். விழுந்தால் எழுந்து நிற்கக்கூடிய ஆழம், தடையில்லாத காற்று. கற்றுக்கொள்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? டிசம்பர் நடுவிலிருந்து பெப்ரவரிவரை வாடைக்காற்றோடு இன்னொரு சிறிய பருவமும் உண்டு.

நவம்பர் முதல் ஏப்ரல்வரை கடல் படுத்துக் கிடக்கும். சுழன்று துள்ளும் டொல்பின் கூட்டங்களைப் பார்க்கக் கண்ணாடியிழைப் படகுகள் காலை ஆறு, ஏழு மணிக்கே கிளம்பும். முற்பகலில் காற்று எழுந்தால் வெள்ளலை மேலெழும், துள்ளலைப் பிரித்தறிய முடியாது. ஓட்டிகள் பெரும்பாலும் மீனவர்களே. பயணத்துக்கு முன் உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கி அணிய வேண்டும், பருவ நெரிசலில் எல்லாப் படகிலும் அது எண்ணிக்கைக்குச் சரியாக இருக்காது. 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பார் முருகைக்கல் திட்டும் இதே கரைக்கு அப்பால்தான். 1998, 2016 ஆண்டுகளின் வெப்பத்தில் பவளம் வெளுத்து அழிந்த பகுதிகளைப் பார்க்கையில் பழைய படங்களை நம்பி வந்தவர்கள் ஏமாறுவார்கள்.

வடக்கே பத்தலங்குண்டுத் தீவுக்கு மீனவக் குடும்பங்களையும் தண்ணீர், அரிசி, ஐஸ் ஆகியவற்றையும் ஏற்றிய படகுகள் போய் வருகின்றன. இடம் இருந்தால் வெளியாரையும் ஏற்றுவார்கள். நேர அட்டவணை கிடையாது. தீவில் ஹோட்டலும் இல்லை, திரும்பும் படகு அன்றே வரும் என்ற உறுதியும் இல்லை. மறுநாள் விமானம் உள்ளவர் அங்கே போகாமலிருப்பதே உத்தமம்.

திரும்பும் பயணத்தில் மாலைக்குப் பின் பஸ் குறையும். இரவில் வீதியில் தொடர்ச்சியாக ஓடுபவை பேலியகொடை மீன் சந்தைக்குப் போகும் லொறிகள்தான். அதிகாலை விமானத்துக்குப் போகிறவர்கள் வாடகை வான் ஒன்றை முதல்நாளே பேசி, விலையையும் விமான நிலைய வாகனத் தரிப்புக் கட்டணம் யார் கணக்கு என்பதையும் முடிவு செய்துவிடுகிறார்கள்.